மாமாவுக்கு நாள் குறித்தேன்

கொடைக்கானல்,
11.01.2026

அன்புள்ள அத்தைக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் கூட்டவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன் என்று முதல் வரியிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன். மாமா எங்கள் வீட்டிலேயே தங்கியிருப்பதால் போனில் பேசினால் பக்கத்தில் நின்று கேட்பார், அதனால் எழுதிப் போடு என்று நீங்கள் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. பதினோராம் வகுப்பில் கடிதம் எழுதித் தபாலில் போடுகிற ஒரே ஆள் நான்தான். நீங்களும் கார்த்திகா அக்காவும் சுகமா? அம்மாவுக்கு மட்டும் சளி. மற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

மாமா நேற்று வேலையைத் தொடங்கினார். கோர்ட் உத்தரவை நீங்கள் படிக்க மறுத்துவிட்டதாக அப்பா சொன்னார். அதனால் அதில் இருப்பதை எழுதுகிறேன். குடித்துவிட்டு இங்கே பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ்ஸுக்கு முன்னால் படுத்து ரகளை செய்ததற்காக மாமாவை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. புதுச் சட்டத்தின்படி பதினைந்து நாள் ஊருக்குப் பொதுவேலை செய்ய வேண்டும். சித்திரை பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். சொன்ன நாளில் வராவிட்டால் கோர்ட்டுக்குத் தகவல் போகும், ஜெயில்தான். நகராட்சியில் சுகாதார மேற்பார்வை அப்பாவுடையது என்பதால் வேலை கொடுப்பதும் அப்பாதான். எழுத்து வேலை என்றாலே அப்பாவுக்குக் கசப்பு. ‘எந்த நாள், எந்த இடம்னு அட்டவணை போடணுமாம், நீயே போட்டுக் குடு தாயி’ என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

தொடங்கும் நாளைக் குறிப்பதிலேயே தகராறு.

‘புதன்கிழமை நல்ல நாளு. அன்னைக்கே ஆரம்பிச்சிருங்க மாப்பிள்ளை’ என்றார் அப்பா.

‘மச்சான், உங்களுக்கு விவரம் பத்தலை. நல்ல நாள்ல ஆரம்பிச்ச காரியம் பெருகும். தண்டனை பெருகலாமா? மார்கழி, தேய்பிறை, அஷ்டமி மூணும் சேர்ந்த நாளாப் பாருங்க. வெரசாத் தேஞ்சு போகட்டும்.’

‘ஜட்ஜு போட்ட கணக்கு தேயாது மாப்பிள்ளை.’

‘ஜட்ஜு வீட்லயும் காலண்டர் தொங்கும்ல.’

கடைசியில் மாமா சொன்ன சனிக்கிழமைதான். பச்சை மேல்சட்டை கொடுத்தார்கள். ஏரிக்கரையில் சருகு கூட்டினார். மாமாவோடு இன்னொருவரும் இருக்கிறார். பாப்பம்மாள் என்ற அம்மா. கடையில் ஒரு ஸ்வெட்டரைச் சொல்லாமல் எடுத்துவிட்டுப் பிறகு திருப்பிக் கொடுத்தவராம். அவருக்கும் நான்தான் நாள் போடுகிறேன்.

மாமா ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. இது நானே கவனித்தது.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
பிரியா


முருகன் துணை
பழனி,
22.01.2026

பிரியாக்குட்டிக்கு அத்தை எழுதுவது. உன் அம்மாவுக்குச் சுக்குக் காப்பி வைத்துக் கொடு. எனக்கு முழங்கால் வலி, வழக்கம்போல. தைப்பூசத்துக்கு நடந்து வருகிற கூட்டம் இப்போதே அடிவாரத்தில் நெருக்குகிறது. விபூதிக் கடையில் உட்கார நேரமில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அவர் குடிக்கிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. நீ எழுதினாய், படித்தேன். அவ்வளவுதான்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். கார்த்திகாவுக்குக் கன்னிவாடியில் ஒரு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா வேலுமணி கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர். முகூர்த்த நாள் என்றால் நாலு ஊரில் அவர் அடுப்பு எரியும். பையனும் கூடவே இருக்கிறான், குணமானவன். ஜாதகம் பொருந்திவிட்டது. பங்குனி கழிந்ததும் பூ வைக்கலாம் என்கிறார்கள். பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டதற்கு, கொடைக்கானலில் ஒரு எஸ்டேட்டில் வண்டி ஓட்டுகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

நீதானே நாள் போடுகிறாய். அவர் அந்தச் சட்டையோடு யார் கண்ணிலும் படாதபடி பார்த்துப் போடு. கார்த்திகாவின் வாழ்க்கை உன் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்.

இதோடு ஒரு கம்பளி மப்ளர் அனுப்புகிறேன். அண்ணனுக்கு. அண்ணனிடம் ஏற்கெனவே இருந்தால் வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

மதினியை விசாரித்ததாகச் சொல்.

அத்தை
முருகேஸ்வரி


கொடைக்கானல்,
05.02.2026

அன்புள்ள அத்தைக்கு,

முழங்காலுக்கு அம்மா யூகலிப்டஸ் தைலம் வாங்கி வைத்திருக்கிறார். யாராவது பழனிக்கு வந்தால் கொடுத்து அனுப்புகிறோம். அம்மாவின் சளி போய் இப்போது எனக்கு வந்திருக்கிறது. அதைத் தவிர நலமே.

அப்பாவிடம் மப்ளர் மூன்று இருப்பதால் உங்களுடையதை மாமாவுக்குக் கொடுத்தேன். ‘யாரு குடுத்தது?’ என்றார். ‘அப்பாவுக்கு அத்தை அனுப்பியது’ என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அதைத் தலையிலிருந்து கழற்றவேயில்லை.

அட்டவணையைத் திருத்திவிட்டேன். இதற்காக நான்கு மாலைகள் தினசரிக் காலண்டரோடு உட்கார்ந்தேன். பழனியிலிருந்தும் கன்னிவாடியிலிருந்தும் நம்மை அறிந்தவர்கள் எப்போது மேலே வருவார்கள்? ஞாயிறு, விசேஷ நாட்கள், முகூர்த்தத்துக்கு மறுநாள் புதுமணத் தம்பதிகளோடு. எப்போது வரமாட்டார்கள்? அஷ்டமி, நவமி, கரிநாள். அன்று சம்பந்தம் பேசுகிறவர்கள் யாரும் வாசற்படி தாண்டமாட்டார்கள். அதனால் மாமாவுக்கு அந்த நாட்களாகவே போட்டேன். அவற்றிலும் பெரும்பாலும் வார நாட்களாகப் பொறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் ஆள் வேண்டும் என்று அப்பா சொல்வதால் அவற்றைப் பாப்பம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன்.

மாமாவிடம் காரணம் சொல்லவில்லை. அட்டவணையைப் பார்த்துவிட்டு, ‘மருமகளே, எனக்குப் பிடிச்ச நாளாத் தேடிப் போட்டிருக்க. வெவரமான புள்ள’ என்று மெச்சினார். அது மட்டும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அன்புடன்,
பிரியா


முருகன் துணை
பழனி,
16.02.2026

பிரியாக்குட்டிக்கு,

தைப்பூசக் கூட்டம் வடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். கார்த்திகா உன்னைக் கேட்டாள். சளிக்கு மிளகுப் பால் குடி. குளிரில் வெள்ளனே எழுந்து படிக்க உட்காராதே.

நீ நாள் போட்ட விதத்தைப் படித்துச் சிரித்தேன். இந்தக் குடும்பத்தில் உனக்காவது மூளை இருக்கிறது. அப்படியே விட்டுவிடு, ஒன்றையும் மாற்றாதே.

போன வாரம் கன்னிவாடிக்காரர்கள் கார்த்திகாவுக்குச் சேலை எடுத்துவந்து கொடுத்தார்கள். வேலுமணி கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ‘உங்க வீட்டுக்காரரை ஒருநாள் நேர்ல பார்க்கணும், ஜாதகம் வாங்க வந்தப்ப பார்த்தது’ என்றார். எஸ்டேட்டில் லீவு கிடைப்பதில்லை என்றேன். மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மப்ளர் யாரிடம் இருந்தாலும் சரிதான். துவைக்கும்போது வெந்நீர் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்.

அத்தை
முருகேஸ்வரி


கொடைக்கானல்,
02.03.2026

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கால் வலி குறைந்ததா? இங்கே பகலில் வெயில் ஏறுகிறது, இரவில் இன்னும் நடுக்கம்தான். எல்லோரும் நலம். எனக்குத்தான் நேற்றிலிருந்து பாடம் மண்டையில் ஏறவில்லை.

பாப்பம்மாள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக வேலைக்கு வரவில்லை. ‘மூணாந் தடவையும் வரலைன்னா நான் கோர்ட்டுக்கு எழுதித்தான் ஆகணும்’ என்று அப்பா சொல்லி அனுப்பினார். நேற்று மாலை அவரே வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றார்.

‘சார், நான் ஏரிக்கரையில சோளக்கருது சுட்டு விக்கிறவ. வாரம் பூரா விக்கிறது ஒரு பங்குன்னா ஞாயித்துக்கெழமை விக்கிறது மூணு பங்கு. அன்னைக்குப் பாத்து வெளக்கமாத்தைக் குடுத்தா எப்படிங்க?’

‘முதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா.’

‘கோர்ட்டு போட்ட நாள்னுல்ல நெனைச்சேன். கோர்ட்டை எதுத்துப் பேச முடியுங்களா? முதல் ரெண்டு ஞாயிறு வந்து கூட்டுனேன். என் கண்ணு முன்னாடியே என் எடத்துல வேறொருத்தி அடுப்பை வச்சுட்டா. எடத்தைப் பிடிக்கத்தான் அடுத்த ரெண்டு வாரமும் வரலை.’

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். ‘அந்தப் பாப்பாதான் எழுதிக் குடுத்துச்சா? கையெழுத்து அச்சுக் கணக்கா இருக்கு’ என்றார் அவர். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அத்தை, நான் மாற்றிவிடட்டுமா? அவருக்கு வார நாட்களைக் கொடுத்தால் ஞாயிறு மாமாவுக்கு வரும். இருவர்தானே இருக்கிறார்கள். உங்களைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கு முன்னால் எழுதுங்கள்.

பிரியா


முருகன் துணை
பழனி,
10.03.2026

பிரியாவுக்கு,

சுகம். உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது.

மாற்றாதே. பங்குனி கழியட்டும். அந்த அம்மாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன். ஊரில் உள்ளவர்கள் பாட்டையெல்லாம் நாம் சுமக்க முடியாது, கண்ணு. எனக்கு ஒரே பெண்.

படிக்கிற வேலையைப் பார்.

அத்தை


கொடைக்கானல்,
12.03.2026

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் நலம் சொல்லிவிடுகிறேன். மாமா நலம், அப்பா நலம். பாப்பம்மாள் இந்த ஞாயிறும் வரவில்லை. அப்பா கோர்ட்டுக்கு எழுத வேண்டிய தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, எழுதாமல் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

நேற்று புதன்கிழமை, அஷ்டமி. நான் மாமாவுக்குப் பொறுக்கியெடுத்துப் போட்ட நாள். பரீட்சை மத்தியானத்தோடு முடிந்ததால் மாமாவுக்கும் அப்பாவுக்கும் சாப்பாடு எடுத்துப் போனேன். படகுத் துறைக்குப் பக்கத்தில் மாமா சருகைக் குவித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் ‘வேலுமணி கல்யாணச் சமையல், கன்னிவாடி’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். சமையல்காரர்கள், அவர்கள் பிள்ளைகள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் அப்பாவிடம் வந்து, ‘படகுக்கு டிக்கெட்டு எங்கங்க குடுக்குறாங்க? எங்களுக்கு அஷ்டமி நவமின்னாத்தான் அடுப்புக்கு லீவு. நல்ல நாள்ல நாங்க எங்கிட்டுப் போறது?’ என்று சிரித்தார்.

அத்தை, அவர் கல்யாணச் சமையல்காரர் என்று நீங்கள் ஜனவரியிலேயே எழுதியிருந்தீர்கள். நானும் படித்தேன். இருவருக்கும் உறைக்கவில்லை.

அவர் திரும்பும்போது மாமாவைப் பார்த்துவிட்டார்.

‘பழனி ஞானவேலுதானே?’

அப்பா குறுக்கே வந்து, ‘இவரு சும்மா எனக்கு ஒத்தாசைக்கு’ என்று தொடங்கினார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

‘ஆமாங்க, நான்தான்.’

‘எஸ்டேட்டுல வண்டி ஓட்டுறதா வீட்ல சொன்னாங்களே.’

‘அப்படியா சொன்னா?’ என்றார் மாமா. பிறகு மப்ளரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். ‘இல்லீங்க. குடிச்சுப்புட்டு இங்க பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு முன்னாடி படுத்துட்டேன். கோர்ட்டுல இந்தச் சோலியப் போட்டிருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள் கெடக்கு.’

வேலுமணி சருகுக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘டீ சாப்பிடுங்க சம்பந்தி’ என்றார் மாமா. அந்தச் சொல் வந்த பிறகுதான் அவருக்கே திக்கென்றது.

‘இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு அவர் வேனுக்குப் போனார். வேனுக்குள் இருந்த ஒரு அம்மா ஜன்னல் திரையை இழுத்து மூடினார். பிள்ளைகள் படகு வேண்டும் என்று அழுதார்கள். வேன் கிளம்பிவிட்டது.

மாமா மிச்ச இடத்தையும் கூட்டி முடித்தார். சாப்பாட்டைத் தொடவில்லை.

உடனே எழுதுங்கள் அத்தை. திட்டியாவது எழுதுங்கள்.

பிரியா


கொடைக்கானல்,
23.03.2026

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். கால் வலி அதிகமாகிவிட்டதோ என்று அம்மா கவலைப்படுகிறார். கார்த்திகா அக்காவும் போனை எடுக்கவில்லை. நடந்ததை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

போன கடிதத்தைத் தபாலில் போட்ட அன்று இரவு மாமா சுவரிலிருந்த அட்டவணைக்கு முன்னால் நின்றார்.

‘மருமகளே, எனக்கு அஷ்டமி நவமி, அந்தம்மாவுக்கு மட்டும் பூராவும் ஞாயிறு. இது எப்படி?’

எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எழுதியதையும் சொல்லிவிட்டேன். மாமா கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

‘அப்ப நான் அந்தம்மா அடுப்புக்குப் பின்னாடில்ல ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்’ என்றார். அட்டவணையைக் கழற்றி என்னிடம் நீட்டி, ‘இனிமே ஞாயித்துக்கெழமை எனக்குப் போடு’ என்றார்.

அப்பா மறுநாளே கோர்ட்டுக்குப் போய், நாள் குறித்ததில்தான் தவறு, அந்த அம்மா மேல் தவறில்லை, பொறுப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். பாப்பம்மாளுக்கு நாட்களை மாற்றித்தர அனுமதி கிடைத்தது. ‘ஒரு எழுத்து வேலையக் குடுத்தேன், அதுக்கு நான் மூணு எழுத்து வேலை பார்க்க வேண்டியதாயிருச்சு’ என்றதோடு விட்டுவிட்டார்.

நான் புதிய தாள் எடுத்துக்கொண்டு பாப்பம்மாளிடம் போனேன். எந்த நாள் முடியும் என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டதே இல்லை. ‘செவ்வாய், புதன் எதுன்னாலும் சரி பாப்பா’ என்றார். அதற்குக் காலண்டரே தேவைப்படவில்லை.

நேற்று ஞாயிறு. ஏரிக்கரையில் நிற்க இடமில்லாத கூட்டம். மாமா பச்சைச் சட்டையோடு நடுவில் கூட்டினார். பழனி பஸ் டிரைவர் ஒருவர் அடையாளம் கண்டு, ‘அண்ணே, நீங்க படுத்த எடத்தையும் அப்படியே கூட்டிருங்க’ என்று கத்தினார். ‘அது வேற வார்டுப்பா, உத்தரவு இல்ல’ என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன.

நான் சொன்னது தப்பா அத்தை?

பிரியா


முருகன் துணை
பழனி,
05.04.2026

பிரியாக்குட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கால் வலி அப்படியேதான். பங்குனி உத்திரத்துக்குக் காவடிக் கூட்டம், எழுத நேரமில்லை என்று சொல்லலாம். அது காரணமில்லை.

கன்னிவாடியிலிருந்து வேலுமணியே வந்தார். சேலையைத் திருப்பித் தர வேண்டாம், பிள்ளை கட்டிக்கொள்ளட்டும் என்றார். ‘உங்க வீட்டுக்காரரு கேட்டதும் சொல்லிட்டாரும்மா. அதை நான் தப்பாச் சொல்லலை. இந்தக் கடையில உக்காந்து ஒரு மணி நேரம் உங்ககிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். அதைத்தான் என்னால மறக்க முடியலை’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகா அந்தச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மூன்றாம் நாள், ‘இனிமே வர்றவங்ககிட்ட முதல்லயே சொல்லிருவோம்மா. வேணுங்கிறவங்க உக்காரட்டும்’ என்றாள். சொல்லிவிட்டு விபூதிப் பொட்டலம் மடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நீ சொன்னது தப்பில்லை. உன்னிடம் நான் சொன்னதுதான். சின்னப் பிள்ளை தலையில் அவ்வளவு பெரிய பாரத்தை வைத்திருக்கக் கூடாது.

இன்னும் எத்தனை ஞாயிறு?

அத்தை
முருகேஸ்வரி


கொடைக்கானல்,
12.04.2026

அன்புள்ள அத்தைக்கு,

வீட்டில் மாமா இருப்பதால் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமாக இருப்பதை இன்று நானே பார்த்தேன்.

மத்தியானம் ஏரிக்கரையில், சைக்கிள் வாடகைக் கடைக்குப் பக்கத்தில் நின்றீர்கள். முக்காடு போட்டிருந்தாலும் சாய்ந்து நிற்கிற விதத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பாப்பம்மாளிடம் சோளக்கருது வாங்கினீர்கள். அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மாமா கூட்டுவதைப் பார்த்தீர்கள். அவர் ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது நீங்கள் மரத்துக்குப் பின்னால் நகர்ந்தீர்கள். நான் கூட்டத்தில் புகுந்து ஓடி வருவதற்குள் போய்விட்டீர்கள்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. இதுதான் கடைசி நாள். அப்பா கையெழுத்துப் போட்டார். பச்சைச் சட்டையை மாமா மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

‘உங்க அத்தை என்னைய வரச்சொல்லி ஏதும் எழுதுச்சா?’

‘இல்லை மாமா.’

‘வர வேணாம்னு?’

‘அதுவும் எழுதவில்லை.’

மாமா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், ‘அத்தை இன்றைக்கு இங்கே வந்திருந்தார்’ என்று சொல்லிவிட்டேன். நீங்கள் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார். திரும்பிப் போய்க் காட்டினேன். அதே இடத்தில் நின்று, தான் கூட்டிய கரையை வெகுநேரம் பார்த்தார்.

‘இங்கருந்து எல்லாமே தெரியுதே’ என்றார்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து பையை எடுத்து வைத்துவிட்டார். நாளைக் காலை முதல் பஸ். அப்பா கொண்டுவந்து விடுகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டார். போன் பண்ணிச் சொல்லட்டுமா என்று அம்மா கேட்டார், அதற்கும் வேண்டாம் என்றார்.

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே மாமா உங்கள் வாசலுக்கு வந்திருப்பார். அப்போது என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். கார்த்திகா அக்காவுக்கு என் அன்பு. இன்னும் ஒரு பக்கம் எழுத இருக்கிறது, ஆனால் நூலகர் ஒவ்வொரு அறையாக அணைத்துக்கொண்டு வந்து இந்த மேசைக்கு மேலே இருக்கும் விளக்கையும் அணைத்துவிட்டார்.

பிரியா